பத்தாவது காற்று

செத்துப்போன வெல்டரைக் குளிப்பாட்டும்போது அவர் மார்பின் இடப்பக்கத்தில் கிடந்த துண்டை மட்டும் யாரையும் விலக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள் அவர் மனைவி. சுற்றி நின்றவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "பாவம், கைய எடுக்க மனசு வரல பாரு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். துண்டுக்கு அடியில், காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மேடு இருந்தது. தோலுக்குள் இருந்தது, இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர். அது அங்கே இருப்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காஜா அக்கா. சட்டையின் முன்பட்டியில் பொத்தானுக்குக் கண் திறந்து, பிசிறு போகாமல் ஓரம் கட்டும் மெஷினில் உட்கார்ந்து அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. அப்போதிருந்தே வாய் குறைவு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட இரண்டு முறை எச்சில் விழுங்குவாள். ஆனால் கண் சும்மா இருக்காது. யார் முகம் வாடியிருக்கிறது, யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் மெஷினில் இருந்தபடியே பார்த்துவிடுவாள்.

அவளுக்கு அடுத்த நாற்காலியில் பட்டன்காரி. காஜா முடிந்த சட்டை அவளிடம் போகும். அவள் பொத்தான் வைப்பாள். இவள் பேசாததற்கும் சேர்த்து அவள் பேசுவாள். அவள் புருஷனுக்கு எரிவாயு மயானத்தில் வேலை. உலையைப் பார்த்துக்கொள்பவர். மற்றவர்கள் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பட்டன்காரி மட்டும், "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை வந்த கஸ்டமர் மறுபடி வந்து குறை சொன்னதே கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வெல்டருக்குப் பேஸ்மேக்கர் வைத்தது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில். வெளியூரில் ஒரு கட்டடத்துக்கு கிரில் அளவெடுக்கப் போனவர் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே வைத்தார்கள். இவள் மட்டும் போய்ப் பக்கத்தில் இருந்தாள். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாருக்காவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. குடலிறக்கம், ஆபரேஷன் பண்ணிருக்குன்னு சொல்லு. வீட்ல ஹார்ட் சீக்குன்னு தெரிஞ்சா பொண்ணு எடுக்க எவன் வருவான்?"

"உங்க தம்பிக்காவது…"

"அவனுக்கா? அவன் காதுல போட்டா பஸ்ல டிக்கெட்டோட சேர்த்துக் கிழிச்சுக் கொடுப்பான்."

தம்பி பஸ் கண்டக்டர். வெல்டர் சொன்னதில் பொய்யில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று நர்ஸ் எல்லாம் விளக்கிச் சொன்னார். வெல்டிங் மின்பொறி பக்கத்தில் இனி நிற்கவே கூடாது, அந்த வேலையை விட்டுவிட வேண்டும். கடைசியாக இவளைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றும் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா. என்னிக்கோ ஒரு நாள் அவர் போயிட்டா, எரிக்கறதா இருந்தா இதை முதல்ல வெளிய எடுக்கச் சொல்லணும். சூட்டுல வெடிச்சிடும். உலைகிட்ட நிக்கிற ஆளுக்கு ஆபத்து."

அன்று பஸ்ஸில் வரும்போது அவள் இதை அவரிடம் சொன்னாள். அவர் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு சிரித்தார். "வாழ்றப்பதான் சத்தமில்லாம வாழ்ந்துட்டேன். போறப்பவாவது ஒரு வெடி வெடிக்கட்டும்."

"வாயக் கழுவுங்க."

"இனிமே நான் சாவி கொடுத்த பொம்மை. நீ சொன்னபடி ஆடுவேன்."

"முன்னாடி மட்டும் நீங்க ஆடிக் கிழிச்சீங்களாக்கும்."

பட்டறையில் கண் மங்குகிறது என்று சொல்லிவிட்டு, அளவெடுப்பதோடும் பெயின்ட் அடிப்பதோடும் நிறுத்திக்கொண்டார். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இனிமேலாவது சொல்லலாமே என்று அவள் ஆரம்பித்தபோது, "இப்ப சொன்னா ஏமாத்திக் கட்டிக் கொடுத்தோம்னு ஆயிடும்டி" என்றார். அப்படியே நாள் போய்விட்டது. பொய்யும் வீட்டில் ஒரு பண்டம் மாதிரி, இடத்தை அடைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

இன்று விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை. தெரு முனை டாக்டர் வந்து கண்ணைப் பார்த்தார், கையைப் பிடித்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சுவரை வந்தது. ஆனால் டாக்டருக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றார். மாப்பிள்ளைக்குப் பின்னால் அவர் அம்மா நின்றாள்.

குளிப்பாட்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு புது வேட்டி கட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள்.

வாய் திறக்காததற்கு வெட்கமும் பொய்யும் மட்டும் காரணமில்லை. வேறொன்றும் இருந்தது. துண்டைப் பிடித்திருந்தபோது அந்த மேட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மெல்ல, மிக மெல்ல, ஏதோ தட்டியது போலிருந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் தட்டியது. அவர் முகம் குளிர்ந்து கல்லாகக் கிடந்தது. ஆனால் உள்ளே ஒன்று நிற்கவில்லை. அதை அறுத்து எடுத்தால், அப்போதுதானே அவர் முழுக்கச் செத்ததாக ஆகும்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

கூடத்தில் கண்டக்டர், தன் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பேசிப் பழகிய குரல். அழுகையிலும் கடைசி சீட் வரைக்கும் கேட்டது.

"மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து, ஆகாசம். அஞ்சுகிட்டயும் இரவல் வாங்கின உடம்பு இது. எலும்பும் சதையும் மண்ணு. ரத்தம் தண்ணி. வயித்துல பசிச்சது நெருப்பு. வாங்கினதை வாங்கின மாதிரி முழுசாத் திருப்பிக் கொடுக்கணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் உயிர் வாசப்படியிலயே நிக்கும், போகாது."

"மூச்சு நின்னா காத்து போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்று பட்டறை ஆள் ஒருவர் கேட்டார்.

"அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. உடம்புல ஓடற காத்து மொத்தம் பத்து. ஒன்பது, மூச்சோட போயிடும். பத்தாவதுக்கு தனஞ்செயன்னு பேரு. அது மட்டும் செத்த உடம்புலயே உக்காந்திருக்கும். தீ வச்சு, தலை வெடிச்சாத்தான் அது இறங்கும்."

காஜா அக்கா சுவரோரம் உட்கார்ந்து இதைக் கேட்டாள். பத்தாவது காற்று. அப்படியானால் விரலில் தட்டியது அதுதான். அதுதான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெடித்தால்தான் இறங்குமென்றால், வெடிக்கட்டுமே. முறையே அதுவென்றால் நான் எதற்கு நடுவில் புகுந்து அவர் நெஞ்சில் கத்தி வைக்கச் சொல்ல வேண்டும்?

இப்படி நினைத்ததும் சொல்லியாக வேண்டும் என்ற பாரம் கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பட்டன்காரி வந்து, இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழுதுடு அக்கா. இப்படிக் கல்லு மாதிரி உக்காராத." பிறகு காதோரம் குனிந்து சொன்னாள். "நீ எதுக்கும் கவலைப்படாத. இன்னிக்கு எங்க வீட்டுக்காரர்தான் ட்யூட்டி. காலையிலயே சொல்லிட்டேன், அது நம்ம அக்கா வீட்டு மாமா, பக்கத்துலயே இருந்து பாத்துக்கோன்னு."

கை பட்டன்காரியின் கைக்குள் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

வேன் வந்தது. தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள, வேன் தெரு திரும்பியது. சம்பந்தியம்மாள் குடத்தை எடுத்துவரச் சொல்லி, கூடத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அவர் கிடந்த இடத்தில் தண்ணீர் பரவி வாசலுக்கு ஓடியது. மகள் உள்ளறையில் அழுது ஓய்ந்து படுத்திருந்தாள்.

காஜா அக்கா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குள் வேறொன்று தெரிந்தது. உலையின் கதவு. அதன் பக்கத்தில் ஒருவர். பட்டன்காரியின் புருஷனை அவள் நாலைந்து முறை பார்த்திருக்கிறாள். கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பெண்கள் கூட்டம் வெளியே வருகிறதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். அவளைப் போலவே கூச்சக்காரர்.

மெல்ல நகர்ந்து பின்கட்டுக்குப் போய்க் கண்டக்டருக்கு போன் போட்டாள். அது கூடத்து ஜன்னலில், சார்ஜரில் மாட்டியபடி அலறியது. மாப்பிள்ளைக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பி வந்து பட்டன்காரியின் முழங்கையைப் பிடித்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடேன்."

"வேலை நேரத்துல எடுக்க மாட்டார்க்கா. சூட்டுக்குப் பயந்து பீரோல வச்சிடுவார். எதுக்கு?"

"வண்டி எடு."

"எங்க?"

"அங்கதான்."

சம்பந்தியம்மாள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "என்ன இது? பொம்பளைங்க அங்க போற வழக்கம் உண்டா? இதோ, ரெண்டு பேரும் உள்ள வாங்க."

காஜா அக்கா வாசல் பக்கம் நடந்தாள். ஈரக்கூடத்தைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல், தெருவில் நின்ற ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பட்டன்காரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

தெரு தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். "கடைசியா ஒரு தடவை முகத்தப் பாக்கணும், அதானே? எனக்குப் புரியுது. யாரு என்ன சொன்னா என்ன, நான் கூட்டிட்டுப் போறேன்…"

"அவர் நெஞ்சுல ஒரு மெஷின் இருக்கு."

"என்னது?"

"பேஸ்மேக்கர். யாருக்கும் தெரியாது. எடுக்காம தீ வச்சா வெடிக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஆபத்துன்னு சொன்னாங்க."

வண்டி ஓரமாக ஒரு வளைவு வளைந்து நேரானது. பட்டன்காரி திரும்பவில்லை. வண்டியின் சத்தம் மட்டும் ஏறியது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாள். மேட்டில் ஏறும்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"அவ்ளோ நேரம் என் மடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே அக்கா."

காற்றில் அது பாதிதான் கேட்டது. பாதியே போதுமானதாக இருந்தது.

மயானத்தின் இரும்புக் கதவு திறந்திருந்தது. முன்னால் ஒரு பெரிய கூடம், நடுவில் தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டைகள், முடிவில் உலை. ஊதும் மோட்டாரின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. வெல்டர் தட்டின் மேல் கிடந்தார். கண்டக்டர் சுற்றி வந்து முடித்துவிட்டு, சுவிட்சுப் பக்கம் நின்றிருந்தார். உலைக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கதவு ஏற ஆரம்பித்துவிட்டது. அதன் அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

காஜா அக்கா கத்த நினைத்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பட்டன்காரி அவளைத் தாண்டி ஓடினாள்.

"நிறுத்து! ஏய், கதவ விடு! தள்ளாத!"

உலைக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். "நீ எதுக்குடி இங்க வந்த?" என்றார் அவர்.

பட்டன்காரி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் கையைக் காட்டினாள். "அவங்க சொல்லுவாங்க."

அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். கண்டக்டர் அண்ணியைப் பார்த்தார், அவள் வெறுங்காலைப் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டடி முன்னால் வந்தார். காஜா அக்கா எச்சிலை விழுங்கினாள். இன்னொரு முறை விழுங்கினாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், தட்டில் கிடந்தவரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"அவருக்கு ஹார்ட் மெஷின் வச்சிருக்கு. குடலிறக்கம்னு சொன்னது பொய். அதை எடுத்துட்டுத்தான் உள்ள அனுப்பணும்."

உலைக்காரர் கயிற்றைத் தளர்த்தினார். கதவு இறங்கி மூடியது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் திரும்பினார்.

"மெஷின் ஏதாவது இருக்கான்னு உங்ககிட்ட நான் கேட்டேனா இல்லையா சார்?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? கூடப் பொறந்தவனுக்கே தெரியல!" கண்டக்டருக்குக் குரல் உடைந்தது. உடனே அது கோபமாயிற்று. "இப்ப என்ன, அண்ணன் உடம்புல கத்தி வைக்கணுமா? தீக்குப் போற உடம்ப அறுக்கறதா? முழுசாப் போகணும் அண்ணி. நான் காலையிலேர்ந்து தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்."

"அது அவர் உடம்பு இல்ல தம்பி. அவரோட பொறக்கல."

"பல்லுகூடத்தான் பொறக்கறப்ப இல்ல. அதையும் புடுங்கிடலாமா?"

மாப்பிள்ளை தலைகுனிந்துகொண்டார். உலைக்காரர் மெல்ல வந்து கண்டக்டரின் தோளைத் தொட்டார்.

"சார், தீ பிடிச்சதும் நான் உலைச் சுவர்ல இருக்கிற அந்த ஓட்டை வழியாக் கண்ண வச்சுப் பாக்கணும். அதான் என் வேலை. அண்ணனை முழுசாவே அனுப்பணும்னா அனுப்பலாம். ஓட்டைகிட்ட நீங்க வந்து நில்லுங்க."

கண்டக்டர் அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு தட்டைவிட்டு விலகி நின்றார்.

மாப்பிள்ளை தெரு முனை டாக்டருக்கு போன் செய்தார். பேசி முடித்துவிட்டு, மாமியார் பக்கம் முழுதாகத் திரும்பாமலே சொன்னார், "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் அத்தை." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் பையோடு வந்தார். தட்டைப் பக்கத்து அறைக்குத் தள்ளினார்கள். ஆண்கள் வெளியே நின்றுவிட்டார்கள். காஜா அக்கா மட்டும் உள்ளே போனாள். துண்டை அவளே விலக்கினாள்.

டாக்டர் கையுறையை மாட்டினார். கத்தி கீழே போகும் முன் அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"டாக்டர், அது இன்னும் துடிக்குது."

"என்னம்மா?"

"நான் விரல் வச்சுப் பார்த்தேன். தட்டுது. உள்ள ஏதோ மிச்சம் இருக்கு. கொழுந்தனார் சொன்னார், கடைசிக் காத்து ஒண்ணு போகாதுன்னு. இதை எடுத்தா நாமளே அவர…"

டாக்டர் நிமிர்ந்தார். அவசரத்தில் வந்தவர்தான். ஆனால் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துப் பக்கத்து மேசையின் இரும்பு விளிம்பில் அழுத்தி வைத்தார்.

"இங்க தட்டுதா?"

அவள் கவனித்தாள். மேசையும் தட்டியது.

"அது உங்க விரல்ல ஓடற ரத்தம்மா. இந்தப் பெட்டி அதுபாட்டுக்கு வேலை செய்யும், இல்லேங்கல. பேட்டரி இருக்கிற வரைக்கும் கதவத் தட்டிக்கிட்டேதான் இருக்கும். உள்ள திறக்க ஆள் இல்ல. ஆள் விடிகாலையிலயே போயாச்சு."

அவள் விரலை மேசையிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அது தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகர்ந்துகொண்டாள்.

வெட்டு பெரிதாக இல்லை. கோட்டுப் பொத்தானுக்குத் திறக்கும் கண் அளவுதான். ரத்தம் வரவில்லை. வெள்ளிநிறத்தில், மழமழவென்று, இரண்டு ஒயர்களோடு அது வெளியே வந்தது. டாக்டர் ஒயர்களைக் கத்தரித்தார். கையுறையைக் கழற்றப் போனவரிடம் அவள் கேட்டாள்.

"திறந்தபடியே விட்டுடுவீங்களா?"

"இனிமே என்னம்மா…"

"மூடிடுங்க. ஓரம் பிரிஞ்சு கிடந்தா எனக்குப் பாக்க முடியாது."

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். தையல் அவ்வளவு நேராக இல்லை. நூலை இன்னும் இழுத்திருக்கலாம். இருந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்று பட்டது. துண்டை இழுத்து அதன் மேல் போட்டாள்.

வெளியே கண்டக்டர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். டாக்டர் காகிதத்தில் சுற்றிய பெட்டியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "அண்ணனுக்கு மயக்கம் வந்தப்ப என்னையில்ல கூப்பிட்டிருக்கணும்?" என்றார். "நான் பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டு ஓடி வந்திருப்பேனே அண்ணி." பெரிய குரல்தான். ஆனால் முதல் சீட் வரைக்கும்கூடப் போகவில்லை.

காகிதப் பொட்டலத்தை மாப்பிள்ளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுபடி தட்டைப் பட்டைகளின் மேல் ஏற்றினார்கள். பெண்கள் வெளியே போகலாம் என்று யாரோ சொன்னார். இரண்டு பேரும் நகரவில்லை. கதவு ஏறியது, தட்டு போயிற்று, கதவு இறங்கியது. கண்டக்டர் முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு இன்னொரு கையால் சுவிட்சை அழுத்தினார். உள்ளே தீ எழும் சத்தம் ஒரு பெரிய மூச்சு போல வந்தது.

காஜா அக்கா கதவைப் பார்க்கவில்லை. உலைக்காரரைப் பார்த்தாள். அவர் கம்பியொன்றை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். நிதானமாக நடந்து போனார். ஓட்டையின் மூடியை நகர்த்தினார். குனிந்து, கன்னம் இரும்பில் படுமளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், கண்ணை வைத்தார். முகத்தில் சிவப்பு வெளிச்சம் ஆடியது. பக்கத்தில் பட்டன்காரி தன் தாலிச்சரட்டை இறுகப் பிடித்திருப்பதைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்தார். மூடியைத் தள்ளினார். மனைவியைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று புறங்கையால் சைகை காட்டினார்.

பட்டன்காரி விறுவிறுவென்று வெளியே போனாள். காஜா அக்கா பின்னால் போனாள். தரை சுட்டது. ஸ்கூட்டர் அருகே போய்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டன்காரி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இன்னிக்கு ட்யூட்டி எங்க வீட்டுக்காரர் இல்ல, முன்ன பின்ன தெரியாத எவனோன்னு வச்சுக்க. ஓடி வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு பொய்யோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். பக்கத்து நாற்காலி, பேச்சு, சிரிப்பு, எல்லாம்.

"தெரியல" என்றாள்.

பட்டன்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அந்த வெறுங்காலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சாவியைப் போட்டுத் திருகி, வண்டியை அவள் முன்னால் திருப்பி நிறுத்தினாள்.

"ஏறு" என்றாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.